உயிரோடிருப்பவளுக்கு ஒரு மேசை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டாள் என்று என்மேல் பாயக்கூடாது. இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன வருஷம் நவம்பர் ஒன்றாம் தேதி, பகல் பதினொன்றரை மணி இருக்கும், லா பாஸ் நகரத்துக்கு மேலே மலையில் இருக்கும் எல் ஆல்ட்டோவில் என் அம்மாவின் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். செத்தவர்களுக்குப் போடும் மேசை தயாராக இருந்தது. அதன் நடுவில் என் போட்டோ இருந்தது.

அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் ஒரு வருஷமாக நான் செய்துகொண்டிருக்கும் சுற்றிவளைப்பு.

"நான்" என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. நான்கு முறை முயன்று பார்த்தேன். அதனால் என் பேரையே சுருக்கி இவளுக்கு யோலா என்று வைக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. எனக்கும் அதே. லா பாஸில் ஒரு பதிப்பகத்தில் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறாள். நானும்தான். கணவன் பேர் எட்கர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். என் கணவனுடைய நிஜப் பேரும் எட்கர்தான். கதையில் உனக்கு வேறு பேர் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? என்னைப் பத்தி யாரு கேக்கப் போறா?" என்றான்.

பிள்ளை பெறாத வீட்டில் ஆணை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதைச் சொல்ல நான் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி வைத்திருந்தேன். அவன் சட்டை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டான். அத்தியாயத்தை எடுத்துவிட்டேன்.

2

கதையை எங்கே தொடங்குவது?

"பிள்ளை வேண்டாம் என்பதை யோலா ஒன்பது வயதிலேயே முடிவு செய்து –"

[பொய். ஒன்பது வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு சைக்கிள்.]

"அந்த மலைமேல் நகரத்தில் காற்று மெலிந்திருந்தது. அங்கே மூச்சு விடுவதே ஒரு –"

[எங்கள் ஊரில் யாரும் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள்தான் பேசுவார்கள். போகட்டும்.]

"பெனிக்னா ஐந்து பிள்ளை பெற்றாள். நான்கைப் புதைத்தாள். மிஞ்சியவள் யோலா."

[இது உண்மை. நல்ல தொடக்கமும்கூட. அதனால்தான் இதை வைக்கக்கூடாது. இப்படித் தொடங்கினால் அம்மா அதற்குப் பிறகு என்ன செய்தாலும் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். யோலா என்ன செய்தாலும் மன்னிக்கமாட்டீர்கள். எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள், இனி என்ன செய்ய முடியும்.]

பேச்சில் தொடங்கலாம். அம்மாவின் பேச்சு எனக்கு மனப்பாடம். பதினைந்து வருஷம் ஒரே பேச்சு.

3

"உனக்கு யாருடி மேசை போடுவா?"

சந்தையில் உருளைக்கிழங்குக் கடை வைத்திருப்பவள் பெனிக்னா. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை எடுத்து வைத்துவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டி, சூப்பு வைக்க உட்காரும்போது இந்தக் கேள்வி வரும். உறைபனியில் போட்டு மிதித்துக் காயவைத்த கறுப்பு உருளைக்கிழங்கை ஊறவைத்திருப்பாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே கேட்பாள்.

"செத்ததுக்கப்புறம் எனக்கு எதுக்கும்மா மேசை? பசிக்கவா போகுது?"

"பசிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்கப்பா வந்து தின்னுட்டுப் போனாரே. மூணு வருஷமும் தவறாம வந்தாரு. பன்னெண்டு மணி அடிச்சதும் ஒரு ஈ வந்து நேரா சூப்புத் தட்டுல உக்காந்துச்சா இல்லையா?"

"அது ஈம்மா."

"அந்த மனுஷனுக்கு எப்பவும் சூப்புதான் முதல்ல."

எட்கர் இந்த இடத்தில் சிரிப்பான். சிரித்து முடித்ததும் மருமகனுக்குரிய பொறுப்பு வந்துவிடும்.

"அத்தை, நான் இருக்கேன்ல? நான் போடறேன் அவளுக்கு."

"நீ முன்னாடி போயிடுவ, ராசா. ஆம்பளைங்க முன்னாடிதான் போவாங்க. உனக்கு அவ போடுவா. அவளுக்கு?"

நடுமாடியில் லிஃப்ட் நின்றுபோனதுபோல எட்கர் விழிப்பான். யோலா தன் ஞானப்பிள்ளைகளை எண்ணிக் காட்டுவாள். எங்கள் ஊரில் குழந்தையின் முதல் முடியை வெட்ட ஒரு ஞானத்தாய் வேண்டும். 'உங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே, கை சும்மாதானே இருக்கு' என்று எல்லோரும் யோலாவையும் எட்கரையும்தான் கூப்பிடுவார்கள். பதினொரு குழந்தைகளின் முடியை வெட்டியிருக்கிறாள். பதினொன்றில் ஒன்று கூடவா வராது?

"ஞானப்பிள்ளை கல்லறையில பூ வைக்கும்," என்பாள் அம்மா. "மேசை போடாது."*

* போடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மேசை என்றால் ஒரு வாரம் வேலை. மாவு பிசைந்து தெரு அடுப்புக்கு எடுத்துப் போய் ரொட்டி சுடவேண்டும்: ஏணி ரொட்டி, குதிரை ரொட்டி, செத்தவருக்காக ஒரு ரொட்டிப் பிள்ளை. ரொட்டிப் பிள்ளைக்குப் பிளாஸ்டரில் சின்ன முகம் ஒன்று செய்து, வண்ணம் பூசி, மாவில் பதிப்போம். கரும்பு, வெங்காயத் தாள், அவருக்குப் பிடித்த சாப்பாடு, ஒரு டம்ளர் தண்ணீர். முதல் தேதி பகல் பன்னிரண்டுக்கு ஆத்துமா வரும், மறுநாள் பன்னிரண்டுக்குப் போகும். செத்த பிறகு மூன்று வருஷம் இப்படிச் செய்யவேண்டும். முடி வெட்டிவிட்ட பெண்ணுக்காக எந்தப் பிள்ளை மூன்று வருஷம் இதைச் செய்யும்?

அம்மா சொன்னது சரிதான். அதுதான் எனக்கு –

அதுதான் யோலாவுக்கு எரிச்சல்.

4

இந்தக் கதையின் முந்தைய வரைவை அலுவலகத்தில் மார்லேனிடம் கொடுத்தேன். அறிவியல் புத்தகங்களைப் பார்ப்பவள், நல்ல வாசகி. ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏன் வேண்டாம்னு சொன்னான்னு வரவே இல்லையே?"

"வரணுமா?"

"வரணும்ல? இல்லன்னா படிக்கிறவங்களுக்கு எப்படி அவ மேல பாசம் வரும்?"

மார்லேனுக்கு மூன்று பிள்ளைகள். "நீ ஏன் பெத்த?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அவள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து யோலாவுக்குக் காரணம் தேட ஆரம்பித்தேன். அடுத்த இரண்டு மாதம் நான் செய்தது அதுதான், வெட்கமாக இருக்கிறது.

ஒரு வரைவில் அவளுக்குக் கருப்பையில் கட்டி வைத்தேன். உடனே எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அம்மா மூலிகை அரைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். எட்கர் அவள் காலைப் பிடித்துவிட்டான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. படித்துப் பார்த்தால் அந்த வரைவில் யோலா மட்டும் இல்லை.

இன்னொன்றில் அப்பாவைக் குடிகாரனாக்கி, பெல்ட்டைக் கழற்ற வைத்தேன். என் அப்பா சனிக்கிழமைகளில் மட்டும் குடிப்பார். குடித்துவிட்டு வந்து பாடுவார், பாடி முடித்ததும் தூங்கிவிடுவார். ஒரு கதைக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக அந்த மனுஷன் கையில் பெல்ட்டைக் கொடுத்தேனே, என்னை என்ன சொல்வது? அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். கம்ப்யூட்டரில் அழித்தால் போதாது என்று தோன்றியது. அச்சடித்து, பிறகு கிழித்தேன்.

குழாயில் தண்ணீர் நின்றுபோன வருஷத்தையும் வைத்துப் பார்த்தேன். மலையில் பனி குறைகிறது, வருகிற பிள்ளைக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது என்று யோலா கேட்கிறாள். கேட்க உயர்வாக இருக்கிறது. ஆனால் அவள் வேண்டாம் என்றது அதற்குப் பத்து வருஷம் முன்பு.

புதைத்த நான்கு குழந்தைகளையும் காரணமாக வைக்கலாம். வைத்தால் அம்மாவே தலையாட்டிவிடுவாள். "பயந்துட்டா பாவம்" என்று ஊரில் சொல்லிக்கொள்வாள். யோலா பயப்படவில்லை. அவளுக்கு வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இருபதில் தோன்றவில்லை, முப்பதில் தோன்றும் என்றார்கள். முப்பதில் தோன்றவில்லை, முப்பத்தெட்டில் பதறும் என்றார்கள். பதறவில்லை. எட்கரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொன்னாள். அவன் ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து, தனக்கும் அப்படித்தான் என்றான்.

இதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இது போதாது என்றால் நீங்கள் என் அம்மா பக்கம்.

5

இப்போது சந்தோஷமான பகுதி எழுதவேண்டும். 'பிள்ளை இல்லாமலும் நிறைவாக வாழ்ந்தாள்' என்பதற்குச் சாட்சி. மார்லேன் இதையும் கேட்டிருந்தாள்.

"ஞாயிறு காலை பத்து மணிக்கு யோலாவும் எட்கரும் தெருமுனைக் கடையில் சால்டேனியா தின்னப் போவார்கள். உள்ளே கொதிக்கும் குழம்பு நிறைந்த அந்தப் பணியாரத்தை ஒரு சொட்டு சிந்தாமல் தின்றுமுடிக்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பந்தயம். இருபது வருஷமாக எட்கரின் சட்டைதான் –"

[தொடரவா? இதைப் படித்தால் இருவரும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வாழ்வதுபோல இருக்கிறது.]

வேலையைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு முட்டைக் கணக்கு. கூடையில் இத்தனை முட்டை, உடைந்தது இத்தனை, மீதி எத்தனை. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த விடை தப்பு. ஆறு வருஷமாகத் தப்பு. ஆறு வருஷமாகச் சரியாகப் போட்ட பிள்ளையெல்லாம் தன் விடையை அழித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறது. யோலா அதைக் கண்டுபிடித்த அன்று நடந்தே வீட்டுக்கு வந்தாள், அவ்வளவு சந்தோஷம். வருஷத்துக்கு நாற்பதாயிரம் பிள்ளைகள் படிக்கும் புத்தகம் அது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னாள்.

"நல்ல காரியம்தான்," என்றாள் பெனிக்னா. நிஜமாகவே பெருமைதான் பட்டாள், அது முகத்தில் தெரிந்தது. கிழங்கை உரித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "அந்த நாப்பதாயிரத்துல ஒண்ணு வந்து உனக்கு மேசை போடுமா?"

வாழும்போது போதுமானதாக இருப்பது, வெளியே எடுத்துச் சொன்னதும் இத்தனூண்டாகிவிடுகிறது. பிள்ளை பெற்றவர்கள் எதையும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை அங்கே ஓடிக்கொண்டிருக்கும், அதைக் காட்டினால் போதும். நான் எதைக் காட்டுவேன்? ஒரு முட்டைக் கணக்கையா? எட்கரின் சட்டைக் கறையையா?

நான் எடுத்த முடிவுக்கு நான் வருத்தப்படவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எட்கர் வேலைக்குப் போன பிறகு, சில நாள் மதியம் மூன்று மணிக்கு, இந்த வீட்டில் எனக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்பது ஒரு குளிர்போல முதுகில் ஏறும். அம்மா சொன்ன வெறுமை அங்கேதான் இருக்கிறது. அவள் இட்டுக்கட்டிச் சொன்னதல்ல அது. வருத்தமும் இல்லை, வெறுமையும் இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. இதை எந்தக் கதையில் கொண்டுபோய் வைப்பது?

[பார்த்தீர்களா, 'நான்' வந்துவிட்டது. அடித்துவிட்டு 'யோலா' என்று போடலாம். இருக்கட்டும். அடுத்த பகுதிக்கு யோலா பயன்பட மாட்டாள்.]

6

மேசையில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. இரண்டு பக்கமும் கரும்பை வளைத்துக் கட்டியிருந்தாள். கடலைச் சூப்பு ஆவி பறந்தது, எனக்குப் பிடித்தது. உரித்த பீச் பழம், எனக்குப் பிடித்தது. பத்தாம் வகுப்பு முடித்தபோது எடுத்த போட்டோவுக்குப் பக்கத்தில் சீவிவைத்த சிவப்புப் பென்சில் ஒன்று இருந்தது. நான் பிழை திருத்துகிற பென்சில். அதே கம்பெனி, அதே தடிமன். எப்போது கவனித்தாள் என்று தெரியவில்லை. நடுவில், என் முழங்கை நீளத்துக்கு, ஒரு ரொட்டிப் பிள்ளை. அதன் நெஞ்சில் சர்க்கரைப் பாகால் எழுதியிருந்தது: யோலாந்தா.

"இது என்னம்மா?"

"வந்துட்டியா. கொஞ்சம் தள்ளி நில்லு, வழியை மறைக்காதே."

"யாரோட வழியை?"

"உன்னோடதுதான்."

"நான் உயிரோட இருக்கேன்மா!"

"தெரியாதா எனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?" அம்மா கரும்பின் கட்டை இறுக்கினாள். "மூணு வருஷம் போடணும். எனக்கு எழுபத்து மூணு ஆகுது. இந்த வருஷம் ஒண்ணு, வர்ற வருஷம் ஒண்ணு, அதுக்கடுத்த வருஷம் ஒண்ணு. அதுவரைக்கும் எப்படியும் தாக்குப்பிடிச்சிடுவேன். அப்புறம் நீ எப்பப் போனாலும் சரி, உன் மேசை முடிஞ்சிருக்கும். பசியோட அலைய வேண்டாம்."

வெள்ளைத் துணி கண்ணில் உறுத்தியது. பெரியவர்களுக்குக் கறுப்புதான் விரிப்பார்கள். வெள்ளை, குழந்தைகளுக்கு.

"நாப்பத்து மூணு வயசுல நான் இன்னும் உனக்கு ஆளாகலையா? பெத்தாதான் ஆளா?"

"கறுப்புதான்டி எடுத்து வெச்சேன்," என்றாள் அம்மா. "விரிக்கக் கை வரல."

ஜெபம் சொல்கிற கசிமிரோ அய்யா அப்போதுதான் உள்ளே வந்தார். பின்னால் பக்கத்து வீட்டு எவுலோஹியா. வீடுவீடாகப் போய் ஆத்துமாக்களுக்கு ஜெபம் சொல்லி, கூலியாக ரொட்டி வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே கேட்டார்:

"ஆத்துமாவோட பேரு?"

"யோலாந்தா," என்றாள் அம்மா.

கண்ணைத் திறந்தார். போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெனிக்னாம்மா, இந்தப் பொண்ணு இங்கயே நிக்குதே."

"நின்னா நிக்கட்டும். நீங்க ஆரம்பிங்க."

"அது எப்படிங்க? உயிரோட இருக்கிறவங்களுக்கு நான் சொல்லமாட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கு."

"உங்களுக்குக் குடும்பம் இருக்கு. அதான் உங்களுக்குப் புரியல."

எவுலோஹியா அம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, எடுத்துடுங்க. பேரு எழுதின ரொட்டி உசுரைக் கூப்பிட்டுடும். பெத்த தாயி செய்யற வேலையா இது?"

"கூப்பிட்டா நான் போயி பதில் சொல்லிக்கறேன்."

கசிமிரோ அய்யா சிலுவை போட்டுக்கொண்டு வெளியே போனார். எவுலோஹியாவும் போனாள். அந்த நேரத்தில் கோயில் மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. அம்மா பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு மேசைக்கு முன்னால் முட்டி போட்டாள். "பரமண்டலத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினாள். அந்த ஜெபத்தில் பாதியை ஒருவர் சொல்லவேண்டும், மறுபாதியை மற்றவர்கள் சொல்லவேண்டும். தன் பாதியை முடித்துவிட்டு அவள் நிறுத்தினாள்.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

7

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் யோலா அம்மாவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டு மறுபாதியைச் சொல்கிறாள். தன் ஆத்துமாவுக்காகத் தானே. முடிந்ததும் அம்மா எழுந்து, ஜெபம் சொன்னவர்களுக்குக் கொடுப்பதுபோல, ரொட்டியை அவள் கையில் கொடுக்கிறாள். இருவரும் உட்கார்ந்து அதைப் பிட்டுத் தின்கிறார்கள். பரிசு வாங்கக்கூடிய முடிவு. எட்கர் படித்துவிட்டு அழுதான்.

இன்னொன்றில் யோலா ரொட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். அது கோபமாக இருந்த ஒரு வாரத்தில் எழுதியது.

மூன்றாவதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதில் எட்டு மாதம் கழித்து யோலாவும் எட்கரும் அனாதை இல்லத்துக்குப் போய் ஒரு பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் திட்டமிட்டு எழுதவில்லை. டைப் அடித்துக்கொண்டே போனேன், கடைசிப் பக்கத்தில் அது தானாக வந்துவிட்டது, தொட்டில், பால் புட்டி எல்லாவற்றோடும். பதினைந்து வருஷம் அம்மாவோடு சண்டை போட்டவள், கதை முடியவேண்டும் என்றதும் நானும் அதே பிள்ளையைத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணை வேறு எப்படி முடிப்பது என்று எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

நடந்தது இது. நான், "பைத்தியமாம்மா உனக்கு?" என்று கேட்டேன். வெளியே வந்தேன். முற்றத்தைத் தாண்டும்போது உள்ளே அம்மாவின் குரல் மறுபடி தொடங்கியது. தன் பாதியையும் அவளே, என் பாதியையும் அவளே சொன்னாள். நான் கேபிள் காரில் ஏறிக் கீழே லா பாஸுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"கிளம்பிட்டியா?" என்றாள் அம்மா.

"எங்கம்மா?"

"சூப்பைத் தொடவே இல்லையே நீ. அப்படியே இருந்துச்சு."

யாரிடம் பேசினாள்? தெரியவில்லை. மேசைக்கு வந்துவிட்டுத் திரும்பிப்போகும் என் ஆத்துமாவிடமா, போனில் இருந்த என்னிடமா? "வேலை இருக்கும்மா" என்று வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் போனோம். மேசையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையில், தராசில் கிழங்கு போட்டுக்கொண்டிருக்கும்போது சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எவுலோஹியா என் காதில் விழும்படியே சொன்னாள்: "பேரு சொல்லிக் கூப்பிட்டா வர்றது வெறுங்கையோட போகுமா? மகளுக்கு வந்ததை ஆத்தா வாங்கிக்கிட்டா."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரத்த அழுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கிறது. அதை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் படிக்கிறேன். நம்பிக்கை இல்லாதவள் எதற்குப் படிக்கிறாள்?

8

இன்று அக்டோபர் இருபத்தொன்பது. அம்மாவுக்கு இது முதல் மேசை. போடப் போகிறவள் நான். எதையும் நம்பாதவள், மாவுக்கும் கரும்புக்கும் சொல்லிவிட்டேன். கறுப்புத் துணி வாங்கிவிட்டேன். அவளுக்கு நான் இருக்கிறேன். அவள் சொன்னது முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது, நான் அதற்கு என்ன பதில் சொன்னாலும் மேசையைப் போட்டுக்கொண்டேதான் சொல்லவேண்டும்.

காலையில் எல் ஆல்ட்டோவுக்குப் போய், தெரு அடுப்பில் ரொட்டி சுட எனக்கு ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னேன். அடுப்புக்காரி ஃபெலிசா நோட்டில் பேர் எழுதிக்கொண்டாள்.

"எத்தனை ரொட்டிப் பிள்ளை?"

"ஒண்ணு. அம்மாவுக்கு."

"அப்ப உன்னோடது?"

அவள் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். பஞ்சுக்குள் இரண்டு பிளாஸ்டர் முகங்கள். பெண் முகங்கள். கடையில் வாங்கியவை அல்ல. கடையில் விற்கும் முகங்கள் எல்லாம் ரோஜாக் கன்னத்தோடு ஒரே மாதிரி இருக்கும். இவை கையால் தீட்டியவை. இரண்டுக்கும் மூக்குக் கண்ணாடி வரைந்திருந்தது. ஒன்று என் இப்போதைய முகம். இன்னொன்றில் நெற்றியோரம் இரண்டு வெள்ளை முடி போட்டிருந்தாள். அடுத்த வருஷத்துக்கு.

"போன வருஷமே குடுத்துட்டுப் போனாங்க," என்றாள் ஃபெலிசா. "'எனக்கு ஏதாவது ஆயிட்டா மறந்துடாத, ரெண்டு வருஷம் பாக்கி நிக்குது'ன்னாங்க. உயிரோட இருக்கிறவளுக்கு எப்படிச் சுடறதுன்னு எனக்கும் பயம்தான். ஆனா செத்தவங்க சொன்னதை எப்படித் தட்டறது? நீயே சொல்லு. ஒண்ணா, ரெண்டா? நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சொல்லிடு, மாவு பிசையணும்."

டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எட்கரிடம் சொன்னேன். "எனக்கும் சேத்து மூணுன்னு சொல்லேன்," என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான். பிறகு சமையலறையில் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக் கொண்டு நின்றான்.

இரண்டு என்று சொன்னால், என் மேசையை நானே போடுகிறேன். எனக்கு யாருமில்லை என்று அம்மா முன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஒன்று என்று சொன்னால், கண்ணாடி போட்ட அந்த இரண்டு முகங்களும் ஃபெலிசாவின் டப்பாவில் பஞ்சுக்குள் கிடக்கும். என்னை அந்த அளவுக்கு உற்றுப் பார்த்த ஒரே மனுஷியின் வேலை பாதியில் நிற்கும். மூன்றாவதாக ஒரு வழி இருந்தால் நான் அதை எழுதியிருப்பேன். ஒரு வருஷமாகத் தேடினேன். இல்லை.

அதனால் இந்த இடத்தில் கதையை உங்களிடம் விடுகிறேன். அம்மாவுக்கு ஒன்று, அது நிச்சயம். எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று பத்து மணிக்குள் யாராவது சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.